கிலுகிலுப்பை யெல்லாம் சணப்பை ஆகுமா?

நஞ்சை நிலங்களுக்குப் பசுந்தழையுரம் இன்றியமையாதது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சணப்பை, தக்கைப்பூண்டு, கொழுஞ்சி, அவுரி முதலியவற்றை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது, அதன்மேல் நடவு செய்யும் வழக்கம் நமது குடியானவர்களுக்குப் புதிதன்று. ஆனால் உரச்செடியின் நன்மையை அறிந்த அளவுக்கு அச்செடியையே நாம் அறிந்திருக்கிறோமா என்பது வேறு கேள்வி. அறிந்திருக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். அதிலும் சணப்பையும் அதன் உறவுச் செடிகளும் அடங்கிய கூட்டத்தைப் பொறுத்தவரையில், இவ்வறியாமை நிலத்துக்கு நஷ்டத்தையும், மாட்டுக்கு நோயையும், சில சமயங்களில் மனிதருக்கு மரணத்தையுமே கொண்டுவரக் கூடியது. ஆதலால், செடிகளை இனம் பிரித்து அறிவது தாவர சாஸ்திரிகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடாமல், பயிரிடுவோர் ஒவ்வொருவரும் தம் கடமைகளில் ஒன்றாகக் கொள்ளவேண்டும் என்று வற்புறுத்தவே இதனை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தேன். அங்கே நல்ல நிலபுலமும் நீண்ட அனுபவமும் உடைய பெரியவர் ஒருவர், வீட்டு வாசலில் ஒரு வகைக் காய்ந்த நெற்றுகளைப் பரப்பி அடித்துக்கொண்டிருந்தார். விதை ஒருபுறமும் பொட்டு ஒருபுறமுமாகக் குவிந்திருந்தன. பொட்டை மாட்டுத் தொட்டியில் கொட்டுவதற்காகக் கூடையும் தயாராக இருந்தது. "இது என்ன விதை?" என்று விசாரித்தேன்.

"சணப்பைதான், ஐயா. கடையில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. வாய்க்கால் கரையிலே தானாக முளைத்துக் கிடப்பதை விட்டுவிட்டுக் காசு கொடுத்து வாங்குவானேன்?" என்றார்.

"பெரியவரே, நீங்கள் விதைக்கும் சணப்பைக்கு இலை ஒற்றையாக இருக்குமா, மூன்று மூன்றாக இருக்குமா?" என்று கேட்டேன்.

"ஒற்றைதான்" என்று உடனே சொல்லிவிட்டு, காலடியில் கிடந்த செடியொன்றை எடுத்துப் பார்த்தார். அதில் ஒவ்வொரு காம்பிலும் மூன்று சிற்றிலைகள் இருந்தன. சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஆனால் குலுக்கினால் சத்தம் கேட்கிறதே, ஐயா?" என்றார்.

அப்பெரியவர் அறிவில் குறைந்தவரல்லர். நாற்பது வருஷங்களாகச் சணப்பை விதைத்தவர். ஒற்றை இலை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும் காதில் விழுந்த சத்தத்தை நம்பினாரேயன்றிக் கண்ணால் கண்ட இலையை நோக்கவில்லை. நம்மில் அநேகர் செய்வதும் இதுவே. கூடை தொட்டிக்குப் போகாமல் நின்றது அன்றைய அதிர்ஷ்டம் என்றே சொல்லவேண்டும்.

பெயரும் கூட்டமும்

காய்ந்த நெற்றைக் குலுக்கினால் உள்ளே விதைகள் உருண்டு குழந்தையின் கிலுகிலுப்பையைப் போல ஒலிப்பதால், நம் முன்னோர் இச்செடிகளுக்குக் கிலுகிலுப்பை என்று பெயரிட்டனர். ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரியாகிய லின்னேயஸ் 1753-ம் வருஷத்தில் வெளியிட்ட நூலில் இக்கூட்டத்துக்குக் குரோட்டலேரியா என்ற பெயரைக் கையாண்டார். அதுவும், ஒலியெழுப்பும் தாளக்கருவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததே. வாலை ஆட்டிச் சத்தமிடும் அமெரிக்கப் பாம்பின் சாஸ்திரப் பெயரும் அதே சொல்லிலிருந்து வந்தது. வடநாட்டில் சில இடங்களில் இச்செடிக்கு ஜுன்ஜுனியா என்று பெயர். அதற்கும் பொருள் கிலுகிலுப்பை என்பதே. ஒருவரையொருவர் அறியாத ஜனங்கள் ஒரே குணத்தைக் கண்டு ஒரே விதமாகப் பெயரிட்டிருப்பது வியப்புக்குரியது. ஆனால் இவ்வளவு பொதுவான பெயரால் கூட்டத்தைக் குறிக்கலாமேயன்றி, அதற்குள் இருக்கும் ஒன்றைப் பிரித்துக் காட்ட முடியாது.

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இப்பேரினத்தில் உலகமெங்கும் சுமார் 700 இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் வளர்பவை. வெப்பம் மிகுந்த மற்ற நாடுகளிலும், நமது தேசத்திலும் அநேக இனங்கள் இருக்கின்றன. இவற்றுள் ஒன்றாகிய சணப்பை நார்ப் பயிராகவும் உரப் பயிராகவும் நெடுங்காலமாக நம்மிடம் உள்ளது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இரண்டொரு இனங்களின் இளந்தழையைக் கீரையாகச் சமைத்து உண்கின்றனர். வேறு சில இனங்களோ குதிரையையும் கோழியையும் கொல்லக்கூடியவை. உரமும் கீரையும் நஞ்சும் ஒரே பெயருக்குள் அடங்கியிருக்கும்போது, பெயரை மட்டும் அறிந்தவன் ஒன்றும் அறியாதவனே.

கூட்டத்தை அறியும் விதம்

முதலில் ஒரு செடி இப்பேரினத்தைச் சேர்ந்ததா என்று தீர்மானிக்க வேண்டும். பூவைக் கையில் எடுத்துப் பார்க்க. கொடியைப் போல் நிமிர்ந்து நிற்கும் பெரிய இதழ் ஒன்று, இருபுறமும் சிறகு போன்ற இதழ்கள் இரண்டு, உள்ளே படகின் அடிப்பாகம் போல் ஒட்டிய இதழ்கள் இரண்டு என்னும் அமைப்பு அவரை, துவரை, பட்டாணி ஆகியவற்றுக்கும் உண்டு. கிலுகிலுப்பையில் படகு போன்ற இதழின் நுனி கிளியின் அலகைப் போல் நீண்டு வளைந்திருக்கும். அவ்விதழை மெல்லப் பிரித்தால் பத்து மகரந்தத் தாள்கள் அடியில் ஒன்றாகச் சேர்ந்து, மேற்புறம் பிளந்த ஒரு குழாயைப் போல் காணப்படும். அவற்றின் பைகளில் ஐந்து நீண்டவை, ஐந்து சிறியவை. இவ்விரு அளவும் மாறிமாறி அமைந்திருக்கும். நடுவிலுள்ள சூல்தண்டு வளைந்து, அதன் மேற்பகுதியில் மயிர் அரும்பியிருக்கும். காய் ஊதிய பை போன்றது. முற்றியபின் விதைகள் காம்பினின்று விடுபட்டு உள்ளே உருளும்.

இவ்வளவும் பார்க்கவேண்டுமா என்று சிலர் கேட்கலாம். ஊதிய காயும் சத்தமும் மட்டும் போதுமானால் முடக்கொத்தானையும் இதில் சேர்க்கவேண்டி வரும். அதன் காயும் ஊதியதே. ஆனால் அது பற்றுக்கம்பியால் ஏறும் கொடி, பூ வெண்மையான சிறு பூ. சொடக்குத் தக்காளியில் ஊதியிருப்பது காயன்று, காயை மூடிய உறை. மஞ்சட் பூ மட்டும் போதுமானால் தகரையும் பேயாவரையும் வந்து சேரும். அவற்றின் இதழ்கள் விரிந்து நிற்பவை, படகு அமைப்பு இல்லை. தக்கைப்பூண்டுக்கு ஒரு காம்பில் பல சிற்றிலைகளும் மெல்லிய நீண்ட காயும் உண்டு. கொழுஞ்சிக்குச் செந்நீலப் பூவும் தட்டையான காயும் உண்டு. ஒரு குறியை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல் பல குறிகளைச் சேர்த்துப் பார்ப்பதே இவ்வித்தையின் முதற்பாடம்.

இனத்தை அறியும் விதம்

கூட்டம் தெரிந்தபின் இனம் தெரியவேண்டும். அதற்கு இலை, இலையடிச் செதில், பூவடிச் செதில், காய் என்ற நான்கையும் இவ்வரிசையிலேயே நோக்குவது எளிது. இலை ஒற்றையா, மூன்று சிற்றிலை கொண்டதா என்பது முதற்கேள்வி. ஈரமான இடங்களில் ஐந்து சிற்றிலை கொண்ட இனம் ஒன்றும் உண்டு. அதன் சாஸ்திரப் பெயரே ஐந்திலை என்று பொருள்படுவது.

ஒற்றை இலையுள்ளவற்றில், பூ நீலமாகவோ நீலம் கலந்த வெண்மையாகவோ இருந்து, தண்டு கோணங்களுடன் வளைந்து வளைந்து சென்று, இலைக்காம்பின் அடியில் பிறை போன்ற அகன்ற செதில்கள் இருந்தால் அது வட்டக்கிலுகிலுப்பை எனப்படும் குரோட்டலேரியா வெருகோஸா. பூ மஞ்சளாகவும், இலை நீண்டு ஒடுங்கியும், தண்டு வரிகளுடன் நேராக ஓங்கியும், காய் பட்டுப்போன்ற மயிர் மூடியதாகவும் இருந்தால் அதுவே சணப்பை, அதாவது குரோட்டலேரியா ஜன்சியா. பூ மஞ்சளாயினும் காய் மயிரின்றி வழவழப்பாக இருந்து, இலை நுனிப்பக்கம் அகன்றிருந்தால் அது சணப்பையன்று என்று உடனே தள்ளிவிடலாம். அவ்விதமானவற்றுள் இலைநுனி சற்றே உட்குழிந்து, பூவடிச் செதில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாயிருப்பது ரெட்யூஸா. பூவின் அடியில் சிற்றிலையைப் போல் அகன்ற செதில்கள் உதிராமல் நிற்பது ஸ்பெக்டாபிலிஸ். இவ்விரண்டும் நஞ்சுள்ளவை. இவையேயன்றி, புல்லோடு புல்லாக நிற்கும் மெல்லிய சிறு செடிகளும் ஒற்றை இலைப் பிரிவில் உண்டு. அவற்றில் நானா என்பதைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவேன்.

மூன்று சிற்றிலையுள்ளவற்றில், காய் பூவிதழ் விழுந்த இடத்தினின்று தனிக்காம்பொன்றில் தொங்கினால் அது லபர்னிஃபோலியா. அத்தகைய காம்பின்றி, நீண்ட கதிரில் காய்கள் நெருங்கித் தொங்கினால் அது பல்லிடா. வாசலில் கிடந்த அப்பெரியவரின் செடி இதுவே. காய் சிறு பயற்றளவு உருண்டையாக இருந்தால் மெடிகாஜினியா. நம் வயல்களிலும் கரைகளிலும் அடிக்கடி எதிர்ப்படுபவற்றைப் பிரிக்க இவ்வளவு போதும். ஒரு நாள் காலையில் செடியும் கையுமாக நின்று பழகினால் மறக்காது.

பிரித்தறியாததால் நேர்ந்தவை

பிரித்தறியாவிட்டால் என்ன என்பதற்கு மூன்று தேசங்களின் அனுபவத்தைக் கூறுகிறேன். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிகளில், மணற்பாங்கான நிலத்தை வளப்படுத்தவும் வேர்களைத் தாக்கும் நூற்புழுக்களைக் குறைக்கவும் 1920-களில் ஸ்பெக்டாபிலிஸ் என்னும் இனம் பரப்பப்பட்டது. நிலத்துக்கு அது நன்மையே செய்தது. ஆனால் அதன் தழையையும் விதையையும் தின்ற கோழிகளும் பன்றிகளும் மாடுகளும் மாண்டன. 1935-ம் வருஷத்தில் அதன் விதையினின்று மானோகுரோட்டலின் என்னும் நஞ்சு பிரித்தெடுக்கப்பட்டது. உரமாக வந்த செடி அங்கே இன்று களையாக நிற்கிறது. அதன் விதை அறுவடையாகும் தானியத்தோடு கலந்துவிடுவது தனித் தொல்லை.

ஆஸ்திரேலியாவின் வடமேற்கிலுள்ள கிம்பர்லி பிரதேசத்தில் குதிரைகளுக்கு ஒரு விபரீத நோய் கண்டது. நோயுற்ற குதிரை திசையறியாது நடந்துகொண்டே இருந்து, வேலியில் மோதி, மெலிந்து இறக்கும். இதற்குக் காரணம் அங்கு வளர்ந்த கிலுகிலுப்பைகளே என்பதையும், அவற்றுள் ரெட்யூஸா முக்கியமானது என்பதையும் நிரூபித்த ஆராய்ச்சி 1957-ம் வருஷத்தில் வெளிவந்தது. நஞ்சு முதலில் கல்லீரலைப் பழுதாக்கி, அதன் விளைவாக மூளையைக் கலக்கியது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

மூன்றாவது நமது தேசத்திலேயே நடந்தது. 1975-ம் வருஷத்தில், அக்காலத்தில் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்ததும் இன்று சத்தீஸ்கரில் உள்ளதுமாகிய சர்குஜா ஜில்லாவில், ஏழை ஜனங்களுக்கு வயிறு வீங்கி நீர் கோக்கும் வியாதி பரவியது. ஆராய்ந்த வைத்தியர்கள் 67 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 28 பேர் இறந்துவிட்டனர். கல்லீரலின் சிறு இரத்தக் குழாய்கள் அடைபட்டிருந்தன. அவர்கள் உண்ட சாமையில் ஜுன்ஜுனியா விதை கலந்திருந்ததே அதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. வயலில் சாமையோடு சேர்ந்து முளைத்து, சேர்ந்து முற்றி, சேர்ந்து அடிக்கப்பட்ட அச்செடி குரோட்டலேரியா நானா. பார்வைக்கு அற்பமான சிறு செடி. அதைக் களையென்று பறித்தெறிய ஒரு கை நீண்டிருந்தால் அவ்வீடுகளில் சாவு விழுந்திராது. நமது மலைப்பகுதிகளிலும் புன்செய் நிலங்களிலும் சாமை விளைவிப்போர் இதனை மனத்தில் இருத்தவேண்டும். அடித்தபின் சிறு விதைகளைப் பிரிப்பது கடினம், அறுக்குமுன் செடியைப் பிடுங்குவது எளிது.

இந்நஞ்சு ஒரே நாளில் கொல்வது அபூர்வம். வாரக்கணக்கில் மறைந்திருந்து, தின்ற தீனியை எல்லாரும் மறந்த பிறகே நோயாக வெளிப்படும். ஆதலால் மாட்டுக்காரன் தண்ணீரையும் தெய்வத்தையும் நோவானேயன்றி, இரண்டு மாதங்களுக்கு முன் தொட்டியில் இட்ட பொட்டை நினைக்கமாட்டான். கல்லீரல் பழுதானபின் மீட்கும் மருந்தும் இல்லை. செம்மறியும் வெள்ளாடும் இந்நஞ்சை ஓரளவு தாங்கும். குதிரை, பன்றி, கோழி, மாடு ஆகியவை தாங்கா.

சாஸ்திரிகளின் பாகுபாடும் நமது பாகுபாடும்

இக்கூட்டத்தை எவ்விதம் வகுப்பது என்பதில் தாவர சாஸ்திரிகளே இருநூறு வருஷங்களுக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். லின்னேயஸ் காலந்தொட்டு நெடுங்காலம் வரை, இலை ஒற்றையா பலவா என்பதே முதற்பிரிவாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில், ஆப்பிரிக்க இனங்களை ஆராய்ந்த போல்ஹில் என்பவர் புல்லிவட்டம், படகிதழின் அலகு, சூல்தண்டின் மயிர் முதலிய பூவுறுப்புகளே உறவை நன்கு காட்டுகின்றன என்று கொண்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்களை வகுத்து 1982-ம் வருஷத்தில் பெரிய நூலொன்றை வெளியிட்டார். 2013-ம் வருஷத்தில், செடிகளின் மரபணுக்களையும் ஒப்புநோக்கி, பேரினம் முழுமையும் 11 பிரிவுகளாக வகுக்கப்பட்டது.

பெயர்களும் இதற்கிடையே மாறியுள்ளன. நமது பக்கத்துச் செடிகளைப் பற்றி 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த, கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலில் ஸ்ட்ரியேட்டா என்று கூறப்பட்ட இனமே, பின்வந்த நூல்களில் மியூக்ரனேட்டா என்றும், இப்போது பல்லிடா என்றும் வழங்குகிறது. பழைய நூலில் ஒரு பெயரைக் கண்டு, புதிய பட்டியலில் வேறு பெயரைக் கண்டு, இவை இரண்டு செடிகள் என்று மயங்கலாகாது. சாஸ்திரம் தடுமாறுகிறது என்று ஏளனம் செய்வதும் தவறு. முதலில் கொடுக்கப்பட்ட பெயரே நிலைக்கவேண்டும் என்ற நியதியின்படி கணக்கைத் திருத்துவதே அது. நிலத்தின் சர்வே எண் மாறினாலும் நிலம் மாறாததுபோல, பெயர் மாறினும் செடி மாறுவதில்லை.

பூவைக் கொண்டு வகுப்பது சரியா, இலையைக் கொண்டு வகுப்பது சரியா என்று என்னைக் கேட்டால், நோக்கத்துக்கு ஏற்ப இரண்டும் சரி என்பேன். எது எதற்கு உறவு என்று அறிய விரும்புவோருக்குப் பூவும் மரபணுவுமே பிரமாணம். கரையில் நின்றுகொண்டு இதனை விதைக்கலாமா, மாட்டுக்குப் போடலாமா என்று கேட்கும் குடியானவனுக்கு, ஆறு மாதமும் கண்ணில் படும் இலையே முதற்பிரமாணம். ஆனால் இரண்டு தரப்பாரும் மறக்கக்கூடாத உண்மை ஒன்று உண்டு. நஞ்சு இப்பிரிவுகளை அனுசரித்து நடப்பதில்லை. ஒற்றை இலைப் பிரிவிலேயே சணப்பையும் இருக்கிறது, ரெட்யூஸாவும் ஸ்பெக்டாபிலிஸும் இருக்கின்றன. ஆகவே பிரிவை அறிந்தவுடன் நின்றுவிடாமல், இனம் வரையில் சென்றே தீரவேண்டும்.

இரண்டு ஆட்சேபங்கள்

"வாயில்லாப் பிராணிக்கும் எது நஞ்சு என்று தெரியும். ஆகாததை அது தின்னாது" என்று சிலர் கூறுவர். பசுமை நிறைந்த காலத்தில் இது ஓரளவு மெய்யே. பஞ்ச காலத்தில் மெய்யன்று. பசித்த மாடு விலக்கியதையும் மேயும். மேலும், வைக்கோலோடு கட்டி வந்ததையும் தவிட்டோடு கலந்ததையும் அது பிரிக்க இயலாது. செடி காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை.

"இவ்வளவு அபாயமிருந்தால் சணப்பையையே விட்டுவிடலாமே" என்று வேறு சிலர் சொல்லக்கூடும். இது முன்னதிலும் பெரிய தவறு. சணப்பை வேர்முடிச்சுகளின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலத்துக்குச் சேர்ப்பது, விரைந்து வளர்ந்து களையை அமுக்குவது, விதைத்த 45 முதல் 60 நாட்களுக்குள் மடக்கி உழத் தகுதியாவது. கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்களில் நெல்லறுப்புக்குமுன் தாளடியில் விதைத்து மாட்டுத் தீவனமாகவும் வளர்த்து வருகின்றனர். இத்தகைய நண்பனை அவனுடைய உறவினரின் குற்றத்துக்காகத் துரத்துவது நியாயமன்று. ஆயினும் நண்பனிடத்திலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சணப்பையின் விதையிலும் இவ்வகை நஞ்சு உண்டு. விதையையோ, விதை கலந்த பொட்டையோ, விதைக்கழிவையோ கால்நடைக்கும் கோழிக்கும் இடலாகாது. தீவனத்துக்கு வேண்டுமானால் காய் பிடிக்குமுன் அறுத்து, மற்றத் தீனியோடு கலந்து அளவாகவே கொடுக்கவேண்டும்.

செய்யத்தக்கவை

நிலமுடையோர் செய்யவேண்டியது அதிகமன்று. விதை வாங்கும்போது சணப்பை என்ற சொல்லோடு திருப்தியடையாமல், குரோட்டலேரியா ஜன்சியா என்ற பெயரும் சான்றும் பையில் உண்டா என்று பார்க்கவேண்டும். சந்தேகமுள்ள விதையாயின், ஒரு கைப்பிடி எடுத்து வீட்டுப் புறத்தில் விதைத்து மூன்று வாரம் பொறுக்கவேண்டும். மூன்று சிற்றிலையோடு எழுவதும், ஒற்றை இலையாயினும் நுனி அகன்று எழுவதும் எத்தனை என்று எண்ணினால், பையில் உள்ளது இன்னது என்று செடியே சாட்சி சொல்லும். விதையை மட்டும் பார்த்து இனத்தைச் சொல்வது பழகியவருக்கும் கடினம். சொந்த விதை எடுப்போர் காய் முற்றுமுன் ஒருமுறை வயலில் நடந்து, மயிரில்லாத காயுள்ள செடிகளைப் பிடுங்கிவிடவேண்டும். செந்நிறமும் கருநிறமும் புள்ளியிட்ட வெண்சிறகு அந்துப்பூச்சி பறப்பதையும், அதன் புழு காயைத் துளைப்பதையும் கண்டால் அங்கே கிலுகிலுப்பை இருக்கிறது என்று ஊகிக்கலாம். ஆனால் அப்புழு சணப்பையையும் தின்னும், மற்றவற்றையும் தின்னும். ஆகையால் அது கூட்டத்தைக் காட்டுமேயன்றி இனத்தைக் காட்டாது.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. ஏரியின் உட்புறம், வாய்க்கால் கரை, மேய்ச்சல் புறம்போக்கு ஆகிய பொது இடங்களே இச்செடிகளின் பிறப்பிடம். தங்கள் எல்லைக்குள் எந்த இனம் எங்கே நிற்கிறது என்பதை வருஷத்துக்கு ஒருமுறை, பூக்கும் காலத்தில் பார்த்து வைத்துக்கொள்வது பெரிய வேலையன்று. ஒரு கிராமத்தில் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மெலிந்து விழும்போது, கால்நடை வைத்தியரை அழைப்பதோடு அவை மேய்ந்த இடத்துச் செடிகளையும் அவருக்குக் காட்டவேண்டும். நோயின் பெயரைவிடச் செடியின் பெயர் விரைவாக உதவும்.

இனம் தெரியாத செடி கிடைத்தால் இலை, பூ, காய் மூன்றும் உள்ள கிளை ஒன்றை ஒடித்து, பழைய காகிதத்தின் மடிப்பில் வைத்துப் பாரமேற்றி, தினம் காகிதத்தை மாற்றி உலர்த்துக. கிராமம், தேதி, பூவின் நிறம், செடியின் உயரம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி அதனோடு சேர்க்கவேண்டும். உலர்ந்தபின் பூவின் நிறம் மாறிவிடுமாதலால் நிறத்தை எழுதுவது மிக அவசியம். இதனை வட்டார விவசாய அதிகாரியிடம் கொடுத்தால் அவரால் கூடியதைச் சொல்லுவார். அவருக்கும் ஐயம் நேர்ந்தால், சென்னை ஹெர்பேரியம் என்ற பெயருடன் கோயம்புத்தூரில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் கீழ் இருக்கும் உலர்செடித் தொகுப்பிலுள்ள மாதிரிகளோடு ஒத்துப் பார்க்கலாம். பெயர் நூலில் மாறும். காகிதத்தில் ஒட்டிய செடி மாறாது. நூறு வருஷத்துக்குப் பின் வருபவனும் அதைக் கண்டு தன் கையிலுள்ளது இன்னது என்று தெளிவான்.

நமது பாட்டனார்கள் நெல்லின் கதிரைக் கண்டு இது இன்ன நெல் என்று சொன்னார்கள். மாட்டின் சுழியைக் கண்டு இது இன்ன மாடு என்று சொன்னார்கள். அந்தக் கண் நம்மிடத்தில் இன்னும் இருக்கிறது. பணம் தரும் பயிரின்மேல் மட்டும் அதைச் செலுத்தி, வரப்பில் நிற்கும் செடியைப் பொதுப் பெயரொன்றால் ஒதுக்கிவிடுகிறோம். அப்பெரியவர் நான் விடைபெறும்போது மூன்றிலைச் செடியொன்றை வீட்டுத் தூணில் கட்டித் தொங்கவிட்டு, "இது சணப்பையல்ல என்று பேரனுக்குக் காட்டவேண்டும், ஐயா" என்றார். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு தூணிலாவது அப்படி ஒரு செடி தொங்குமானால், இக்கட்டுரை எழுதிய பயனை அடைந்தவனாவேன்.